ஆரணியில் பெரணி

ஆடி 3

பெரணிக்குப் பூ இல்லை, காய் இல்லை, விதையும் இல்லை. நிலத்தை ஒட்டிப் படரும் தண்டு, அதிலிருந்து எழும் இலைகள், நூல் போன்ற வேர்கள் ஆகியவையே அதன் மொத்த உடல். இலங்கைத் தமிழர் அதைப் பன்னம் என்பார்கள். மலையும் அருவியும் உள்ள இடத்துச் செடி என்று பெயர் வாங்கிவிட்டதால், ஆரணி போன்ற வெயில் ஊரில் அது வளராது என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. வட தமிழகத்துப் பழைய கல்கட்டுக் கிணறுகளை எட்டிப் பார்த்தால், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கல் இடுக்கில், கறுத்துப் பளபளக்கும் கம்பி போன்ற காம்புகளில் சிறு விசிறிகளாகப் பச்சை இலைகள் தொங்குவதைக் காணலாம். அதன் அறிவியல் பெயர் அடியாண்டம் கேப்பில்லஸ்-வெனரிஸ். பெயர் வைத்தவர் லின்னேயஸ், ஆண்டு 1753. முதற்சொல்லுக்குக் கிரேக்கத்தில் ‘நனையாதது’ என்று பொருள். தண்ணீரில் முக்கி எடுத்தாலும் இலைமேல் நீர் முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும். பின்சொல் வீனஸ் தேவதையின் கூந்தலைக் குறிக்கிறது. நாற்றுப்பண்ணைகளில் அடியாண்டம் வகைகளுக்கெல்லாம் பொதுப்பெயர் மெய்டன்ஹேர். இந்தக் குறிப்புகளில் இது கிணற்றுப் பெரணி என்றே வரும்.

பெரணி இனத்தை ஆரணிக்காரர்கள் சமைத்தும் சாப்பிட்டிருக்கிறார்கள். வயல் வரப்பில் நான்கு இலை விரித்து நிற்கும் ஆரைக்கீரை ஒரு பெரணிதான். மாட்டுத் தீவனத்துக்குத் தொட்டியில் வளர்க்கும் அசோலாவும் அப்படியே.

ஆடி 18

ஆற்றுக்குப் படையல் இடும் நாள். ஆரணியின் கமண்டல நாகநதியில் பல ஆண்டுகளில் இந்நாளில் மணல்தான் தெரிகிறது. தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, காற்று மட்டும் தவறாமல் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு வரும் காற்று அது. சமவெளியைத் தொடும்போது ஈரம் குறைந்துபோயிருக்கும். வெயிலுக்குத் தப்பிய பெரணிகூட இந்தக் காற்றில் இரண்டே நாளில் கருகிவிடும். இலை மிக மெல்லியது. இழக்கும் ஈரத்தை வேர் அதே வேகத்தில் ஈடுசெய்ய இயலாது. மண் சொதசொதவென்று ஈரமாக இருக்கும்போதே இலை முறுகிக் காய்வது இதனால்தான். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள், வேரும் அழுகும்.

கிணற்றுக்குள் இந்தக் காற்று இறங்குவதில்லை. நடுப்பகலில் சிறிது நேரம் தவிர நேர்வெயிலும் படாது. கீழே நீர்ப்பரப்பு இருப்பதால் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. கல்லிடுக்கில் நீர் கசியும், ஆனால் தேங்காது. கற்களைப் பிணைக்கும் சுண்ணாம்புக் காரை வேருக்குச் சுண்ணாம்புச் சத்தைத் தருகிறது. பெரும்பாலான பெரணிகள் புளிப்பு மண்ணை விரும்ப, இது சுண்ணாம்பை நாடும் இனம். ஆகவே கிணற்றுப் பெரணியை வளர்க்க நினைப்பவர் நூல்களைப் புரட்டுவதற்கு முன் ஒரு பழைய கிணற்றைப் பார்ப்பது நல்லது. நிழல், காற்றுமறைவு, ஈரக்காற்று, தேங்காத நீர், சுண்ணாம்பு என எல்லாப் பாடமும் அந்தச் சுவரில் இருக்கிறது.

ஆடி 27

செடி வாங்க ஏற்ற காலம் ஆடிக் கடைசியும் ஆவணியும். மாலை இடிமழை தொடங்கி, காற்றில் ஈரம் ஏறுகிறது. நாற்றுப்பண்ணையில் மெய்டன்ஹேர் என்று கிடைப்பது பெரும்பாலும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த அடியாண்டம் ராடியானம். அழகில் குறையில்லை. ஆனால் குளிர்ந்த ஊர்களில் வளர்க்கப்பட்டு லாரியில் இறங்கும் அந்தச் செடி, சமவெளி வெயிலுக்குப் பழகுவதற்குள் இலையை உதிர்த்துவிடுவது வழக்கம். ஆரணிக்கு ஏற்றது கிணற்றுப் பெரணியே. வித்தியாசம் காண இலையின் பின்புறத்தைத் திருப்ப வேண்டும். விளிம்பு உட்புறம் மடிந்து, விதைக்குப் பதிலாகப் பெரணி உண்டாக்கும் தூசு போன்ற வித்துக்களை மூடியிருக்கும். அந்த மடிப்பு நீள்வாக்கில் இருந்தால் கிணற்றுப் பெரணி. வட்டமாக, சிறுநீரக வடிவில் இருந்தால் ராடியானம்.

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் ஓடைக்கரையில் காணும் செடியைப் பிடுங்கி வருவது உண்டு. அது பிழைப்பதும் அரிது, செய்வதும் சரியல்ல. வீட்டுக் கிணற்றுச் சுவரில் தானாக முளைத்த செடி இருந்தால், அதிலிருந்து தண்டோடு ஒரு துண்டு போதும்.

தொட்டிக்கு மண்சட்டியே சிறந்தது. உயரம் குறைந்து வாய் அகன்ற சட்டி வேண்டும். இதன் தண்டு ஆழம் போவதில்லை. அடித்துளைமேல் உடைந்த ஓட்டுச்சில்லு, அதன்மேல் ஓரங்குல உயரத்துக்குச் செங்கல் ஜல்லி. கலவைக்கு ஆரணியிலேயே ஒரு நல்ல பொருள் மலிவாகக் கிடைக்கிறது. அரிசி ஆலைகளின் உமியைக் கரியாகும் அளவுக்கு மட்டும் எரித்தெடுத்த உமிக்கரிதான் அது. வெண்சாம்பலாகிவிட்டால் பயன் இல்லை. கறுப்பாக, உமியின் வடிவம் கலையாமல் இருக்க வேண்டும். அது நீரை வடிய விடும், காற்றை உள்ளே வைத்திருக்கும், மண்ணின் புளிப்பையும் சற்றுக் குறைக்கும். மட்கிய இலை இரண்டு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, தென்னைநார்த் தூள் ஒரு பங்கு, பழைய சுண்ணாம்புக் காரையின் தூள் ஒரு கைப்பிடி. வயல் களிமண் ஒரு துளியும் சேரக்கூடாது.

ஆவணி 6

இடம் பற்றி. ஆரணியின் நெசவுத் தெரு வீடுகள் பெரணிக்கென்று கட்டப்பட்டவை அல்ல, பட்டுக்காகக் கட்டப்பட்டவை. ஆயினும் பட்டிழைக்கும் பெரணிக்கும் தேவை ஒன்றாகவே இருக்கிறது. காய்ந்த காற்றில் பாவு இழை முறுகி அறுந்துவிடும். குழித்தறியில் நெசவாளி தரையில் வெட்டிய குழிக்குள் காலை இறக்கி மிதிகட்டையை மிதிக்கிறார். அந்தக் குழியிலிருந்து ஏறும் மண்ணின் ஈரம் பாவை வறண்டுபோகாமல் காக்கிறது. தறி இருக்கும் அறையில் நேர்வெயில் விழாது; விழுந்தால் சாயம் மங்கும். வாசலிலிருந்து புழக்கடை வரை நீண்டு கிடக்கும் வீட்டில் நடுவே முற்றமும் சுற்றித் தாழ்வாரமும் இருக்கும்.

இந்தத் தாழ்வாரத்தின் தென்புறப் பத்தி, அதாவது வடக்குப் பார்த்த பக்கம், பெரணிக்குக் கிடைக்கும் முதல்தரமான இடம். புத்தகத்தை விளக்கில்லாமல் படிக்கும் அளவு வெளிச்சம் போதும். அதற்கும் குறைந்தால் காம்பு நீண்டு இலை சிறுத்துப்போகும். பாவுக்குப் பக்கத்தில் சட்டியை வைக்க வேண்டாம். கையில் ஒட்டிய மண்கறை பட்டில் விழுந்தால் போகாது. இரண்டாவது இடம் புழக்கடைக் கிணற்றடி, துவைக்கும் கல்லுக்கு அப்பால், சோப்புநீர் தெறிக்காத மூலை. மொட்டைமாடியில் எழுபத்தைந்து விழுக்காட்டு நிழல்வலை கட்டினாலும் அங்கே இந்தச் செடி வேண்டாம். வலை வெயிலை மறைக்கும், அனல்காற்றை மறைக்காது.

ஆவணி 20

தண்ணீர். காலையில் ஒரு முறை, விளிம்போரமாகச் சுற்றி, அடித்துளையில் நீர் வடியும்வரை. விரல்நுனியை மேல்மண்ணில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும். அழுத்தினால் நீர் கசியக்கூடாது. ஒரே ஒரு நாள் முற்றிலும் காய்ந்துபோனாலும் இலை மீளாது. காய்ந்த இலை மீண்டும் பச்சையாவதில்லை. அடியில் தட்டு வைத்து, தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் மூழ்காத அளவுக்கு நீர் ஊற்றி, அதன்மேல் சட்டியை அமர்த்தினால் சுற்றிலும் ஈரம் எழும். சட்டியின் அடி நீரைத் தொடக்கூடாது.

ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு சட்டிக்கு வெளியே வெள்ளையாகப் பூக்கும். இலைநுனி பழுப்பதும் அதனால்தான். சுண்ணாம்பை விரும்பும் செடி என்பதற்காக எல்லா உப்பையும் அது தாங்கும் என்று கொள்ளக்கூடாது. மாதம் ஒரு முறை மழைநீரை நிறைய ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும்.

இந்த ஊருக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பட்டுநூலின் பசை நீக்கச் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சிய நீர் பல வீட்டுப் புழக்கடைகளில் ஓடுகிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு செரிசின் என்னும் பசை, அது புரதம். புரதம்தானே, உரமாகும் என்று சிலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். அதிலுள்ள காரம் வேரைக் கருக்கும். சாயத்தண்ணீர் இன்னும் மோசம். இரண்டையும் பெரணியின் பக்கம் கொண்டுவரவே கூடாது.

புரட்டாசி 10

இலையின் பின்விளிம்பு பழுப்பாகிறது. பூச்சி என்று நினைத்து அதைச் சுரண்டுவோர் பலர். அது பூச்சி அல்ல. பெரணியின் அடுத்த தலைமுறை. மடிந்த விளிம்புக்குள் நுண்ணிய பைகள் கொத்தாக இருக்கின்றன. ஒவ்வொரு பையிலும் பொதுவாக 64 வித்துக்கள். முற்றியதும் பையைச் சுற்றியிருக்கும் வளையம் காய்ந்து பின்னோக்கி வளைந்து, சட்டென்று திரும்பி வித்துக்களை வீசி எறிகிறது. தூசு போன்ற அவை காற்றில் எத்தனை தூரமும் போகும். ஊர் நடுவே இருக்கும் ஒரு கிணற்றுக்குள், யாரும் நடாமலே, ஒரு பெரணி வந்து சேரும் வழி இதுவே.

வித்து முளைத்தால் நேரே பெரணி வருவதில்லை. முதலில் வருவது இதய வடிவில் ஒரு பச்சைத் தகடு. அகலம் சில மில்லிமீட்டர்தான். பாடநூலில் இதற்கு முன்உடலம் என்று பெயர். அதன் அடிப்பக்கத்தில் ஆண், பெண் உறுப்புகள் தோன்றுகின்றன. ஆண் செல்கள் நீந்திப் போய்த்தான் பெண் செல்லை அடைய வேண்டும். நீந்துவதற்கு நீர்ப்படலம் வேண்டும். அது ஒரு பனித்துளியாக இருந்தாலும் போதும். சேர்ந்த பிறகே, அந்தத் தகட்டின்மேல் நாம் அறிந்த பெரணி எழுகிறது. ஈரத்தை விட்டு இந்தச் செடி விலக முடியாமல் இருப்பதன் வேர்க்காரணம் இங்கேதான் இருக்கிறது. வளர்ந்த செடி ஓரளவு வறட்சியைப் பொறுக்கலாம். அதன் பிறப்பு பொறுக்காது.

புரட்டாசி 12

வித்து விதைக்கும் முறை. விளிம்பு பழுத்த இலையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே இன்னொரு தாளை மூடி, காற்றில்லாத இடத்தில் இரண்டு நாள் வைத்தால் பழுப்புத் தூள் கொட்டும். நன்கு சுட்ட செங்கல் ஒன்றை ஒருநாள் ஊறவைத்து, கொதிநீரைத் தாராளமாக ஊற்ற வேண்டும். பாசி, பூஞ்சை வித்துக்கள் அதனால் அழியும். ஆறியதும் செங்கல்லைத் தட்டில் வைத்து, அதில் பாதி உயரத்துக்குக் கொதித்து ஆறிய மழைநீர் ஊற்றி, வித்துத்தூளை மேலே மெல்லத் தூவி, கண்ணாடித்தாளால் மூட வேண்டும். சில வாரங்களில் செங்கல்மேல் பச்சை படர்கிறது. இரண்டு மூன்று மாதங்களில் இதயத் தகடுகள் தெளிவாகத் தெரிகின்றன. அப்போது நீரைத் தெளிப்பானால் பனிபோல் அடித்தால் கருவுறுதல் நிகழ்கிறது. முதல் இலை காண ஆறு மாதம் ஆகலாம். அவசரக்காரருக்கு இந்த வழி ஏற்றதல்ல. ஆனால் ஒரு செங்கல்லில் நூறு செடி எழுவதைப் பார்த்தவர், பெரணியைக் கடையில் வாங்கும் பொருளாக மட்டும் பிறகு கருதமாட்டார்.

புரட்டாசி 28

கண்ணாடியால் மூடிய பெரணிக்கு ஒரு வரலாறு உண்டு. பட்டு ஊருக்கு அது பொருத்தமான வரலாறும்கூட. நத்தானியேல் வார்ட் லண்டனில் மருத்துவர். தம் வீட்டுச் சுவரில் அவர் வளர்த்த பெரணிகள் நிலக்கரிப் புகையில் செத்துப்போயின. 1829இல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடிவைத்தார். பூச்சி வெளிவருவதைப் பார்ப்பதே அவர் நோக்கம். வந்ததோ ஒரு பெரணியும் ஒரு புல்லும். பகலில் மண்ணிலிருந்து எழுந்த ஆவி கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. மூடி துருப்பிடித்துப் போகும்வரை, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், அந்தப் பெரணி தண்ணீர் ஊற்றாமலே வாழ்ந்தது. 1833இல் இதே முறையில் செய்த பெட்டிகளில் செடிகள் சிட்னிக்குக் கப்பலேறின. சீனாவிலிருந்து இமயமலை அடிவாரத்துக்குத் தேயிலைச் செடிகளை ராபர்ட் ஃபார்ச்சூன் கொண்டுவந்ததும் வார்டின் பெட்டிகளில்தான்.

ஆரணி வீட்டில் இதையே ஒரு பழைய மிட்டாய்ப் புட்டியில் செய்யலாம். அடியில் உமிக்கரி, மேலே கலவை, ஒரு சிறு செடி, மூடி. ஒரே விதி, வெயில் படக்கூடாது. பட்டால் ஒரு மதியத்தில் செடி வெந்துவிடும்.

ஐப்பசி 15

வடகிழக்குப் பருவமழை. குழித்தறிக் குழியில் நீர் ஊறித் தறி நிற்கும் காலம். நெசவாளிக்கு நட்டமான இந்த ஈரம் பெரணிக்குக் கொண்டாட்டம். சுருண்ட குருத்துகள் வயலின் வாத்தியத்தின் தலைபோல் நிமிர்ந்து, உள்ளிருந்து மெல்ல விரிகின்றன. இளங்குருத்தைத் தொட வேண்டாம். தொட்ட இடம் கறுக்கும். தட்டில் தேங்கும் நீரைத் தினமும் கொட்டிவிட வேண்டும். கூரை விளிம்பின் நீர் நேராகச் சட்டியில் விழுந்தால் மண் குழைந்து தண்டு அழுகும்.

கார்த்திகை 4

பூச்சிகள். மழையோடு நத்தையும் ஓடில்லா நத்தையும் வந்து, இரவில் குருத்துகளை மழிக்கின்றன. விளக்கோடு போய்க் கையால் பொறுக்குவதே சிறந்த வழி. காம்பில் பழுப்புச் செதிள்பூச்சி ஒட்டினால் அந்தக் காம்பையே வெட்டி எறியலாம். வேப்பெண்ணெயும் மருந்தும் தெளிக்கக்கூடாது. மற்றச் செடிக்கு மருந்தாவது இந்த மெல்லிய இலைக்கு நஞ்சு.

மார்கழி 9

பனி. செடிக்கு வேலை இல்லை. நீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.

தை 12

உரம். இரண்டு மாதத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். யூரியா தேவையில்லை. கிணற்றுச் சுவரில் இதற்கு யாரும் உரமிடுவதில்லை.

இன்னொரு பெரணி இதே பழஞ்சுவர்களில் காணப்படுகிறது. ஏணிபோல் நீண்ட இலை கொண்ட டெரிஸ் விட்டேட்டா. இது வெயிலையும் தாங்கும். மண்ணிலுள்ள ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் ஆற்றல் இதற்கு இருப்பதை 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். தென்னிந்தியப் பெரணிகளை இனம் காண விரும்புவோர்க்கு இரண்டு நூல்கள் அடிப்படை. ஒன்று, சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம் 1863இல் படங்களோடு வெளியிட்டது. மற்றது, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியைச் சேர்ந்த மாணிக்கமும் இருதயராஜும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகள் பற்றி 1992இல் எழுதியது. யுனானி மருத்துவர்கள் கிணற்றுப் பெரணியைப் பர்சியாவஷான் என்ற பெயரில் இருமலுக்குப் பயன்படுத்துகிறார்கள். அதைக் கொண்டு யாரும் தாமாக மருந்து செய்துகொள்ளக்கூடாது.

மாசி 8

கத்தரிப்பும் பிரிப்பும். பழைய இலைகளை மண்மட்டத்தோடு வெட்டுவது கொடுமைபோல் தோன்றும், நன்மை அதில்தான். கோடை வருமுன் புது இலை திரண்டுவிடும். சட்டி நிறைந்திருந்தால் செடியைக் கவிழ்த்தெடுத்து, கூர்மையான கத்தியால், ஒவ்வொரு துண்டிலும் தண்டும் வேரும் இரண்டு குருத்தும் இருக்குமாறு பிரிக்கலாம். தண்டைப் புதைக்கக்கூடாது, மண்மேல் அமர்த்த வேண்டும். இரண்டு வாரம் மூடிவைத்தால் துண்டுகள் ஊன்றிக்கொள்ளும்.

சித்திரை 21

அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. வெயில் 40 டிகிரியைத் தொட்டும் தாண்டியும் போகும் நாட்கள். மதியக் காற்றில் ஈரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பெரணிக்கோ பாதிக்கு மேல் வேண்டும். பகலெல்லாம் தண்ணீர் தெளிப்பதால் பெரிய பயன் இல்லை. சில நிமிடங்களில் உலர்ந்துபோகிறது. உருப்படியான வழி, சட்டிக்குள் சட்டி. பெரிய மண்தொட்டிக்குள் பெரணிச் சட்டியை இறக்கி, இடைவெளியில் ஆற்றுமணலை நிரப்பி, மணலைக் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். பானைத் தண்ணீர் குளிர்வது போலவே தொட்டியின் மேற்பரப்பில் நீர் ஆவியாகி, வேரும் சுற்றுக்காற்றும் குளிர்கின்றன. சட்டிகளைத் தனித்தனியே வைக்காமல் ஒரு மூலையில் நெருக்கி வைத்தால் ஒன்றின் ஈரம் மற்றொன்றைக் காக்கும். மின்விசிறியின் கீழே எதுவும் இருக்கக்கூடாது.

இத்தனைக்குப் பிறகும் இலைகள் முழுக்கக் கருகினால் செடியைத் தூக்கி எறிய வேண்டாம். கருகியதை வெட்டிவிட்டு மண்ணை ஈரமாக வைத்திருந்தால், தண்டு உயிரோடு இருக்கும்வரை அது மீளும்.

வைகாசி 14

அக்னி நட்சத்திரம் முடிகிறது. நீர் இறங்கியிருக்கும் இந்த நாட்களில்தான் கிணறுகளில் தூர் வாருகிறார்கள். அப்போது சுவரில் முளைத்த எல்லாவற்றையும் சேர்த்துச் சுரண்டிவிடுவது வழக்கம். அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் நீக்க வேண்டியதுதான். அவற்றின் வேர் பருத்துக் கல்லைப் பிளக்கும். பெரணியின் வேர் அப்படிப் பருப்பதில்லை. வாளியும் கயிறும் உரசாத பக்கத்தில் அதை விட்டுவைப்பதால் கிணற்றுக்கு ஒரு கேடும் இல்லை.

ஆனி 30

மாசியில் பிரித்த துண்டுகளில் புதுக்குருத்து. சட்டிகளைக் காற்றுமறைவுக்கு நகர்த்தும் நாள், ஆடிக்காற்று தொடங்கிவிட்டது. ஆழ்குழாய் வந்தபிறகு பல வீடுகளில் கிணற்றைக் குப்பையால் நிரப்பி மூடிவிட்டார்கள். மூடாத கிணறு வைத்திருப்பவர்கள் ஒருமுறை உள்ளே எட்டிப் பாருங்கள். பெரணி இருந்தால், அரசங்கன்றை மட்டும் பிடுங்கிவிட்டு அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.